மண்டிக் கணக்கர் பதில்கள்: துவரைக்குத் தடை, விலைக்கு?

கேள்வி: அரிசி, பருப்பை வைத்து ஆன்லைனில் சூதாடுவதால்தான் விலை ஏறி ஏழைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்கிறான் என் மகன். உண்மையா? அவனே மஞ்சளில் பணம் போடலாமா என்றும் யோசிக்கிறான்!
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பாதி உண்மை அம்மா. வேலூர் மண்டித் தெருவில் கணக்கு எழுதியவன் நான். ஆரணிப் பக்கம் அறுவடைக்கு முன்பே மூட்டைக்கு விலை பேசி, கையில் அட்வான்ஸும் கொடுத்துவிடும் ஆலைக்காரர்கள் உண்டு. விலை இறங்கினால் விவசாயி தப்பிப்பார், ஏறினால் ஆலைக்காரர் தப்பிப்பார். இதையே பெரிய அளவில், எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வழியாகச் செய்தால் முன்பேர வர்த்தகம். வித்தியாசம், அங்கே ஒரு மூட்டையைக் கண்ணால் பார்க்காதவரும் மார்ஜின், அதாவது மொத்த விலையில் ஒரு பங்கை மட்டும் முன்பணமாகக் கட்டி வாங்கலாம், தவணைக்குள் விற்று லாபத்தையோ நஷ்டத்தையோ எடுத்துக்கொண்டு போகலாம்.

2007-08-ல் இப்படிப்பட்ட பெரும் பணம் அமெரிக்காவின் சிகாகோ முன்பேரச் சந்தையில் கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் இறங்கியது. 2009-ல் உலகில் பசியோடு இருப்பவர்கள் 100 கோடியைத் தாண்டினார்கள் என்றது ஐ.நா.வின் உணவு அமைப்பு. அதில் இந்தப் பணத்தின் பங்கு எவ்வளவு என்று பொருளாதாரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அரிசியில் உலக அளவில் முன்பேரம் சொற்பம்தான். அப்படியும் 2008-ல் தாய்லாந்து அரிசி டன் 1,000 டாலரைத் தொட்டது. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியை நிறுத்தின. பிலிப்பைன்ஸ் பதறிப்போய் வாங்கிக் குவித்தது. அதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். துவரை, உளுந்து முன்பேரத்துக்கு 2007 ஜனவரியிலேயே தடை போட்டார்கள். அப்படியும் 2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய்! மழை பொய்த்தது, விளைச்சல் குறைந்தது, மிச்சத்தைக் குடோனில் பூட்டினார்கள். முன்பேரம்தான் விலையை ஏற்றியதா என்று ஆராய மத்திய அரசு அமைத்த அபிஜித் சென் குழுவாலும் 2008-ல் உறுதியாக ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. 2021 டிசம்பரில் மும்பையில் இருக்கும் செபி, அதாவது பங்குச் சந்தையையும் முன்பேரத்தையும் கண்காணிக்கும் அமைப்பு, நெல், கோதுமை, கடுகு, பாமாயில் உள்பட 7 பொருட்களின் முன்பேரத்தை நிறுத்தியது. நான்கே மாதத்தில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்த, எண்ணெய் டப்பாவைத் தூக்கிய எல்லாருக்கும் கை சுட்டது. வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருக்கும்போது மும்பையில் தடை போட்டு என்ன பயன்?

பசி வேறு கணக்கு அம்மா. கூலியில் பாதியைச் சோற்றுக்கே செலவழிக்கும் வீடுதான் விலை ஏறினால் முதலில் வயிற்றைக் குறைக்கும். 2015-ல் நம் வீடுகளைக் காத்தது ரேஷன் கடைத் துவரை, கிலோ 30 ரூபாய். கார்டுக்கு ஒரு கிலோ, அதுவும் வரிசையில் நின்றால்! என்னைக் கேட்டால், பெரிய கைகள் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும், குடோன்களை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். தடை அதற்கப்புறம்.

மகனின் மஞ்சள் ஆசையா? மாதச் சம்பளக்காரருக்கு வேண்டாம். விலை எதிராகத் திரும்பினால் உடனே இன்னும் மார்ஜின் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் அவர்களே விற்றுவிட்டு, நஷ்டத்தை அவன் தலையில் எழுதிவிடுவார்கள்.