அறுக்கும் முன் ஆடு மாடு பயந்தால் இறைச்சியின் தரம் கெடுமா?

கெடும். அமைதியாக இருந்த விலங்கின் தசையில் கிளைகோஜன் (சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து) மிச்சமிருக்கும். உயிர் போனபின் அது லாக்டிக் அமிலமாக மாறி, இறைச்சியின் பி.எச். அளவை (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 7-லிருந்து 5.5 அருகே இறக்கும். நெடுந்தூர லாரிப் பயணம், பட்டினி, நெரிசலில் முட்டல் என்று அலைக்கழிந்த மாட்டில் கிளைகோஜன் முன்பே தீர்ந்துவிடுகிறது. போதிய அமிலம் உருவாவதில்லை. இறைச்சி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெட்டுப்போகிறது. பன்றியில் நடப்பது வேறு: கடைசி நிமிடப் பதற்றத்தால் அமிலம் அதிவேகமாகப் பெருகி, இறைச்சி வெளிறி நீர்விடும். பயத்தால் விஷம் ஊறும் என்பது மட்டும் மிகை.

மாடு ஏன் மிரள்கிறது என்பதை அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் மாட்டின் கண்மட்டத்திலிருந்தே பார்த்தார். தரையில் விழும் நிழல், ஈரத்தில் மின்னும் வெளிச்சம், ஆடும் சங்கிலி போன்ற அற்ப விஷயங்களே அதை நிறுத்திவிடுகின்றன. அவற்றை நீக்கினால் பெரும்பாலும் தடிக்கு வேலையில்லை.

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் இதில் தெளிவாகவே உள்ளன. ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. சினையாக உள்ளதையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், அத்தகைய குட்டியுள்ள தாயையும் அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலிலேயே, கட்டியிருக்கும் மற்ற ஆடுகள் பார்க்க அறுக்கிறார்களே, அது நேரடியான விதிமீறல். உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.