நைட்ரிக் அமிலம்: பட்டறையிலும் வயலிலும் – கேள்வி பதில்

காவிரிப் படுகையில் நகைப் பட்டறை நடத்துபவர்கள், விவசாயிகள், மாணவர்கள், வீட்டில் இருப்பவர்கள் எனப் பலர் நைட்ரிக் அமிலம் குறித்துக் கேட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் நெடுங்காலம் இந்த அமிலத்தோடு புழங்கியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பட்டறைக் கேள்விகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உயிரைப் பறிக்கும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (நகைப் பட்டறை, கும்பகோணம்): ஐயா, என் தம்பி திராவகத்தில் (நைட்ரிக் அமிலத்தில்) செம்பு கலந்த பழைய வெள்ளியைக் கரைத்துக்கொண்டிருந்தான். பழுப்புப் புகை வந்தது, கொஞ்சம் இருமினான், பிறகு சரியாகி மாலையில் சாப்பிட்டான். நடு இரவில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நலம். மேலே ஒரு துளிகூடத் தெறிக்கவில்லையே, எப்படி இது?

பதில்: தம்பி பிழைத்தது பெரிய ஆறுதல். அந்தப் பழுப்புப் புகையின் பெயர் நைட்ரஜன் டை ஆக்சைடு. அமிலம் கையில் பட்டால் உடனே எரியும், நாம் கையை இழுத்துக்கொள்வோம். இந்தப் புகை அப்படி எச்சரிப்பதில்லை. நீரில் எளிதில் கரையாத வாயு என்பதால் மூக்கையும் தொண்டையையும் அதிகம் உறுத்தாமல் நுரையீரலின் அடி வரை இறங்கிவிடுகிறது. அங்கேயுள்ள ஈரத்தில் மெல்ல அமிலமாக மாறி, நுண்ணறைகளைப் புண்ணாக்குகிறது. நுரையீரலில் நீர் கோப்பதற்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். இடையில் ஆள் நன்றாகவே இருப்பார், பேசுவார், சாப்பிடுவார். எல்லோரும் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். ஆகவே புகையை நன்றாக முகர்ந்துவிட்டவர், இருமல் நின்றுபோயிருந்தாலும், ஒரு நாள் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மருத்துவரிடம் "ஆசிட் புகை" என்று மட்டும் சொல்லாமல், நைட்ரஜன் டை ஆக்சைடு என்று எழுதியே கொடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். நம் பத்தர்கள் வேலை செய்வதோ தரையில் சம்மணமிட்டு அமர்ந்து. புகை தேங்கும் உயரத்திலேயே மூக்கும் இருக்கிறது! சுவரின் உச்சியில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அறையின் மேல் காற்றை வெளியேற்றும், கீழே கிடப்பதைத் தொடாது. கரைக்கும் பாத்திரத்தை மேடை மேல் வைத்து, மூன்று பக்கமும் மேலும் மூடிய கூண்டு கட்டி, உறிஞ்சும் குழாயை அந்தக் கூண்டிலிருந்தே எடுத்துக் கூரைக்கு மேலே விட வேண்டும். மேசை விசிறி வைப்பது புகையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதாகும். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. சாதாரணக் கரிவடிகட்டிக் கவசத்தையும் இதற்கு நம்ப முடியாது.

புகையைக் குறைக்கவும் வழி உண்டு. அடர் அமிலத்தை அப்படியே ஊற்றாமல், நீரில் சம பங்கு அமிலத்தைச் சேர்த்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. உலோகத்தைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கேள்வி (அதே பட்டறை): 916 நகையை நேராகத் திராவகத்தில் போட்டால் சுத்தத் தங்கம் கிடைக்காதா?

பதில்: கிடைக்காது. நைட்ரிக் அமிலம் வெள்ளியையும் செம்பையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. 916 நகையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தங்கம். உள்ளே இருக்கும் செம்பையும் வெள்ளியையும் அந்தத் தங்கமே மூடிக் காக்கிறது. அதனால்தான் பெரியவர்கள் வெள்ளி சேர்த்து உருக்கி, தங்கம் கால் பங்காகும்படி இறக்கிக்கொண்டு பிறகு அமிலத்தில் போட்டார்கள். வெள்ளி கரைந்து வெளியேற, தங்கம் பழுப்புத் தூளாக அடியில் நிற்கும். நீர்க்கும்போது காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். நாகப்பட்டினம் பக்கத்து உப்பு நீர் கலந்தால் வெள்ளி குளோரைடாகிப் பால்போல் கலங்கும். உப்பு மிகுந்தால் தங்கமும் கொஞ்சம் கரைந்துபோகலாம், ஏனென்றால் அங்கே உருவாவது, தங்கத்தையும் கரைக்கும் ராஜ திராவகம் என்ற அமிலக் கலவையின் நீர்த்த வடிவம்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, மயிலாடுதுறை): ஆய்வகத்தில் ஏன் பழுப்புப் பாட்டிலில் வைக்கிறார்கள்? அலுமினியம் கரையாது என்று புத்தகத்தில் இருக்கிறது, நம்பலாமா?

பதில்: வெளிச்சம் பட்டால் அமிலம் சிதைந்து, மேலே சொன்ன பழுப்பு வாயு அதிலேயே கரைந்து மஞ்சளாகும். பழைய பாட்டில் மஞ்சளாக இருப்பது அதனால்தான். அலுமினியம், இரும்பு இரண்டின் மேலும் அடர் அமிலம் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி, அந்தப் படலமே உலோகத்தைக் காக்கிறது. புத்தகம் சொல்வது அடர் அமிலத்துக்கு மட்டும். நீர்த்த அமிலம் இரும்பைத் தின்றுவிடும், ஆகவே இரும்பு வாளியில் ஊற்றிப் பார்க்காதே அம்மா. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 68 சதவீதம். எவ்வளவு காய்ச்சினாலும் அதற்கு மேல் அடர்த்தி ஏறாது, அந்த விகிதத்திலேயே 121 டிகிரி அளவில் கொதித்துப் போய்விடும். விரலில் பட்டால் மஞ்சள் கறை படிவதைப் பார்த்திருப்பாய். தோலின் புரதத்தோடு அமிலம் சேர்ந்துகொண்ட கறை அது. கழுவினால் போகாது, தோல் உரிந்தால்தான் போகும்.

கேள்வி (நாச்சியார்கோவில்): கறுத்த குத்துவிளக்கை ஆசிட் வைத்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. தேர்ந்த கை இல்லாமல் அமிலத்தில் முக்கினால் துத்தநாகம் முந்திக் கரைந்து, விளக்கு சிவந்து சொரசொரப்பாகும். வார்ப்பின் நுண்வேலையும் தேயும். புளியும் சாம்பலும் போதும். வெள்ளிச் சாமான் என்றால் நைட்ரிக் அமிலம் பக்கத்திலேயே போகக் கூடாது, பொருளே கரைந்துவிடும்.

கேள்வி (விவசாயி, மன்னார்குடி): இடி இடித்து மழை பெய்தால் பயிர் கருகருவென்று வருகிறது. வானத்திலேயே நைட்ரிக் அமிலம் உண்டாகிறது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். மின்னலின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, மழை நீரில் மிக நீர்த்த நைட்ரிக் அமிலமாக இறங்குகிறது. ஆனால் அதன் பங்கு சிறியது. காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து மண்ணிலிருந்தே தழைச்சத்தை (நைட்ரஜன் சத்தை) விடுவிப்பது அதைவிடப் பெரிய காரணம்.

உங்களுக்கு இதில் பயன்படும் செய்தி வேறு. கோடையில் வயல் காய்ந்திருக்கும்போது மண்ணில் நைட்ரேட் சேர்கிறது. மேட்டூர் திறந்து வயலில் நீர் நின்றதும் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டையே சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக மேலே அனுப்பிவிடும். சேர்ந்த சத்து காற்றில் போகிறது. நைட்ரேட் உரத்தை நெல்லுக்கு அடியுரமாக இட்டாலும் இதே கதிதான். அமோனியம் வடிவமோ களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். அதனால்தான் குறுவையானாலும் சம்பாவானாலும் யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடச் சொல்கிறார்கள். நீரை வடித்து, உரத்தைச் சேற்றோடு சேர்த்து, பிறகு நீர் கட்டுங்கள். வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும், அமோனியம் வடிவம் நைட்ரேட் வடிவமாக மாறுவதைத் தாமதப்படுத்தவே வந்தது.

கேள்வி (தஞ்சாவூர்): கடையில் பாட்டில் உடைந்து தரையில் கொட்டியது. பையன் ஓடிப்போய் மரத்தூள் அள்ளிக் கொட்டினான். புகைந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: மரத்தூள், உமி, வைக்கோல், சாக்கு, பழந்துணி எதையும் போடக் கூடாது. நம் ஊரில் கைக்கு முதலில் கிடைப்பவை இவைதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நைட்ரிக் அமிலம் அரிப்பது மட்டுமல்லாமல் எரியவும் வைக்கும். ஊறிய உமி சிறிது நேரம் கழித்துத் தானே தீப்பிடிக்கலாம். உலர்ந்த மணலால் சுற்றி அணை கட்டி, ஓரத்திலிருந்து சோடா உப்போ சுண்ணாம்புத் தூளோ மெல்லத் தூவுங்கள். பழுப்புப் புகை எழுந்தால் எதையும் காப்பாற்ற நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். ஸ்பிரிட், அசிட்டோன், தின்னர், எண்ணெய் இவற்றோடு ஒரே அலமாரியில் இந்த அமிலத்தை வைக்காதீர்கள்.

உடம்பில் பட்டால் துணியைக் கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண் என்றால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். தோல் மேல் சுண்ணாம்பு தடவக் கூடாது. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கையுறை நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பராக இருக்கட்டும். மருத்துவமனையில் பயன்படுத்தும் மெல்லிய உறைகளை அடர் அமிலம் விரைவில் அழித்துவிடும்.

கேள்வி: வாங்குவதற்கு அடையாள அட்டை கேட்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் படத்துடன் கூடிய அடையாளச் சான்று, முகவரி, வாங்கும் காரணம் ஆகியவற்றைக் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கேட்காமல் கொடுக்கும் கடையில் நீங்களும் வாங்காதீர்கள்.

கேள்வி (அரசலாற்றங்கரை): தெருவில் சில பட்டறைகள் கழிவைச் சாக்கடையில் ஊற்றுகின்றன. அது ஆற்றுக்குத்தான் போகிறது. நீர் அதிகம் ஊற்றினால் போதும் என்கிறார்கள்.

பதில்: போதாது. நீர் ஊற்றினால் அமிலம் நீர்த்துப்போகும், கரைந்திருக்கும் செம்பும் வெள்ளியும் எங்கும் போகாது. மிகச் சிறிய அளவிலேயே இரண்டும் மீன் குஞ்சுகளைக் கொல்லும். பட்டறைக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். கழிவை நன்றாக நீர்த்து, அதில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் வெள்ளி பொடியாகப் படியும், அது அவர்களுக்கே லாபம். நீர்க்காமல் விட்டால் மீதி அமிலம் தகட்டையே கரைத்து மறுபடியும் புகைவிடும். வெள்ளி எடுத்த நீலக் கரைசலில் இரும்புத் துண்டுகளைப் போட்டால் செம்பு படியும். கடைசியாகச் சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, பி.எச். தாள் 8 அல்லது 9 காட்டும் வரை கலக்குங்கள். அடியில் தங்கும் சேற்றை வடிகட்டித் தனியாக வைக்க வேண்டும்.

தெளிந்த நீரிலும் நைட்ரேட் இருக்கிறது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். ஆகவே கிணற்றடியிலோ குளக்கரையிலோ அதை ஊற்றக் கூடாது. சேற்றையும் நீரையும் பிளாஸ்டிக் கேன்களில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு எடுப்பாளரிடம் கொடுங்கள். தெருவிலுள்ள பட்டறைகள் சேர்ந்து ஒரே வண்டியை வரவழைத்தால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.