டிஎல்பி 630 என்றால் 630 மில்லிசீவர்ட்டா?

கேள்வி: ஊர் பாலக்கோடு. அம்மாவுக்கு 58 வயது, சிறுநீரகக் கல் என்று தர்மபுரியில் வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். ஃபிலிமின் கடைசியில் "டிஎல்பி 630" என்று இருக்கிறது. எக்ஸ்ரேக்கு ஒரு கிரே என்றால் ஒரு சீவர்ட் என்று நெட்டில் படித்தேன். அப்படியானால் 630 மில்லிசீவர்ட் ஏறிவிட்டதா? புற்றுநோய் வருமா?

பதில்: இல்லை தம்பி, அவ்வளவெல்லாம் ஏறவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் முதலில் போய் அவர் பயத்தைப் போக்குங்கள்.

630-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள், மில்லிகிரே சென்டிமீட்டர் என்று இருக்கும், வெறும் மில்லிகிரே இல்லை. கிரே என்பது உடம்பு உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு, சீவர்ட் என்பது அதனால் உடம்புக்கு வரக்கூடிய பாதிப்பின் அளவு. அதே ஷீட்டில் சிடிடிஐ என்று, ஸ்கேன் எவ்வளவு கதிர்வீச்சு வீதம் கொடுத்தது என்று காட்டும் இன்னொரு எண்ணும் இருக்கும், 14 என்று வைத்துக்கொள்வோம். பூக்காரம்மா ஒரு முழம் என்ன விலை என்று சொல்வது மாதிரி அது, எத்தனை முழம் வாங்கினோமோ அதால் பெருக்கினால் மொத்தம் வருகிறதல்லவா, அந்த மொத்தம்தான் டிஎல்பி. 14 மில்லிகிரே வீதம் 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்தால் 630.

இதை மில்லிசீவர்ட் ஆக்க, பெரியவர்களின் வயிற்று ஸ்கேனுக்கு 0.015-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 9.5 வருகிறது, அவ்வளவுதான். இதே 630 தலை ஸ்கேனில் வந்திருந்தால் 0.0021-ஆல் பெருக்கி 1.3 என்றுதான் சொல்வோம், ஏனென்றால் குடல், இரைப்பை மாதிரியான உறுப்புகளைக் கதிர்வீச்சு பாதிக்கும் அளவுக்கு மூளையைப் பாதிப்பதில்லை. நீங்கள் படித்த "ஒரு கிரே ஒரு சீவர்ட்" உடம்பு முழுக்க ஒரே சீராக எக்ஸ்ரே பட்டால்தான் பொருந்தும். பழைய புத்தகங்களில் சீவர்ட்டுக்குப் பதில் ரெம் என்ற பழைய அலகைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், 1 ரெம் என்பது 10 மில்லிசீவர்ட்.

சரி, 9.5 அதிகமா? மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் கிடைக்கிறது (நம் பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட்டிலும் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் உண்டு). ஆக அம்மாவுக்குக் கிடைத்தது சுமார் நான்கு வருடக் கணக்கு. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே புற்றுநோய் கூடுகிறதா என்று பிரித்தறிவதே கடினம். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பைப் பார்த்தும் பயப்படாதீர்கள், அது வைத்தியத்துக்காக எடுக்கும் ஸ்கேனுக்குப் பொருந்தாது.

அதற்காகத் தேவையில்லாமல் ஸ்கேன் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கல் இறங்கிவிட்டதா என்று பார்க்க மறுபடி சிடி எழுதினால், "அல்ட்ராசவுண்டில் பார்த்தால் போதுமா, இல்லை குறைந்த டோஸில் எடுக்கலாமா" என்று தயங்காமல் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள், பழையது இல்லாத ஒரே காரணத்துக்காக மறுபடி ஸ்கேன் எடுக்கிறவர்கள் நிறைய.