பறையும் டிஸ்கோவும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் இருவர் இசைக்குழுவைக் கேட்டு வருகிறேன். ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மேடையில் கிறிஸ் லோ கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறார், பாதி வேலையை கம்ப்யூட்டர் செய்கிறது. 1988க்குப் பிறகு பிரிட்டனில் அவர்களுடைய எந்தப் பாட்டும் முதலிடம் பிடிக்கவில்லை. என்ன இருந்தாலும் இது ஆடிவிட்டு மறந்துபோகிற இசைதானே? எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. பிடித்த பாட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. அவர்களுடைய சிரிப்பை அப்படியே வாங்கி, உங்கள் கேள்வியாக மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

லோ அசையாமல் நிற்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் தாளத்தைத் தவறாமல் போடும். அந்தத் தாளத்தின் மேல் எந்தக் குரலை எந்த இடத்தில் வைப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். முதலிடக் கணக்கும் வேண்டாம். 1986 முதல் 1988 வரை நான்கு முறை முதலிடத்தில் இருந்தவர்கள், 1990இல் 'பீயிங் போரிங்' வெளியிட்டபோது அது 20ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. எய்ட்ஸில் இறந்துபோன இளவயது நண்பனை நினைத்து குழுவின் பாடகர் நீல் டென்னன்ட் எழுதிய பாட்டு அது. அவர்களுடைய பாட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் எண்ணம்.

'ஆடிவிட்டு மறந்துபோகிற இசை' என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியாது.

என் மாமா இறந்தபோது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். பாடைக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு போனார்கள். அவரோடு சேர்ந்து வயலில் வேலை பார்த்தவர்கள் கண்ணீர் வழிய வழிய ஆடினார்கள். அதில் ஒருவர் தெரு முனையில் கால் ஓய்ந்து உட்கார்ந்தார், அழுதார், அப்புறம் எழுந்து மறுபடி ஆடினார். அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. இப்படி வழியனுப்புகிற ஊர்களில் பிறந்துவிட்டு, ஆட்டத்தில் துக்கம் எப்படி இருக்கும் என்று நாம் கேட்கலாமா? சோகம் என்றால் தாளம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

'கோ வெஸ்ட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் வில்லேஜ் பீப்பிள் என்ற அமெரிக்க டிஸ்கோ குழு பாடியது. மேற்கே போவோம், அங்கே நமக்கு வாழ்க்கை இருக்கிறது என்பதுதான் பாட்டு. பிறந்த ஊரில் ஒளிந்து வாழ்ந்த அமெரிக்கத் தன்பாலின ஆண்களுக்கு அந்த மேற்கு சான் ஃபிரான்சிஸ்கோவாக இருந்தது. 1981இல் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகள் வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் அந்த நகரத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். கிளப்புகளில் ஒன்றாக ஆடிய நண்பர் கூட்டங்கள் பாதியாகிவிட்டன.

1992இல் மான்செஸ்டரில், ஹாசியெண்டா கிளப்பில், எய்ட்ஸ் நிதிக்காக நடந்த, திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மனும் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சியில் பெட் ஷாப் பாய்ஸ் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அதை எடுத்துப் பாடலாம் என்று சொன்னது நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அதே லோதான். ஜார்மனுக்கே எச்ஐவி இருந்தது, 1994 பிப்ரவரியில் இறந்தார். அந்தக் கூடத்தில் அந்த வரிகள் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வா, போவோம் என்று அழைக்கிறது பாட்டு. போனவர்களில் எத்தனையோ பேர் இல்லை.

மறு வருடம் அதை சிங்கிளாக வெளியிட்டபோதும் அதை ஒப்பாரியாக்க அவர்கள் முயலவில்லை. வேகம் அப்படியே ஆட்டத்துக்கான வேகம்தான். பெரிய ஆண்கள் கோரஸ் ஒன்றைச் சேர்த்தார்கள், தாங்களே எழுதிய ஒரு பகுதியைப் புதிதாக நடுவில் வைத்தார்கள். கோரஸ் முழு நெஞ்சோடு அழைக்கிறது. டென்னன்டின் மெல்லிய குரல் கொஞ்சமும் முறுக்காமல், தனியாகப் பதில் சொல்கிறது. ஊரே ஒரு பக்கம், மிச்சமிருக்கும் ஒரு ஆள் இன்னொரு பக்கம். அழ வேண்டிய இடம் இது என்று அவர் எங்கேயும் காட்டுவதில்லை. அதனால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்த மெட்டில்தான் ஐரோப்பாவின் கால்பந்து மைதானங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் அணிக்காகக் கோஷம் போடுகிறார்கள். போடட்டும், அதனால் பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

2024இல் டென்னன்டுக்கு எழுபது வயது. அந்த வருடமும் 'நன்தலெஸ்' என்று ஒரு புது ஆல்பம் போட்டார்கள்.

எந்த ஆல்பத்தில் வேண்டுமானாலும் தொடங்குங்கள், அது பெரிய விஷயமில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். 1979இன் 'கோ வெஸ்ட்' பாட்டையும் 1993இன் 'கோ வெஸ்ட்' பாட்டையும் அடுத்தடுத்து, ஹெட்போனில், வேறு வேலை எதுவும் பார்க்காமல் கேளுங்கள். முடிந்தால் அந்த நண்பர்களில் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதற்குப் பிறகும் இது மறந்துபோகிற இசை என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.

அன்புடன்.