கார்புரேட்டர் எஞ்சினை ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்ற, புதியவர் எங்கே தொடங்குவது?

கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) கிட் வாங்குங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டை மாற்ற வேண்டாம்.

உண்மையான வேலை பெட்ரோல் லைனில்தான். கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், இந்தக் கிட்கள் பலவற்றுக்கு 43 முதல் 58 வரை வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் உதவாது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீறிடும், ஆகவே இன்ஜெக்‌ஷனுக்கு உரிய ஹோஸும் கிளாம்பும் கட்டாயம். மின்சார பம்பை டேங்குக்குள் வைப்பது நல்லது: பெட்ரோலே அதைக் குளிர்விக்கும். வெளியே என்றால் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் எஞ்சின் பக்கம் இருந்தால், மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைனும் தேவை.

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கக் கூடாது. உள்ளே புகும் காற்றைப் பார்த்து, பெட்ரோல் குறைவு என்று ஈ.சி.யு. தப்புக்கணக்குப் போட்டு அதிகம் ஊற்றும், கரும்புகை வரும். பலர் கிட்டைத் திட்டுவது இதற்காகத்தான்!

ஈ.சி.யு.வின் மெயின் பவர், எர்த் வயர்கள் நேராக பேட்டரிக்கே போகட்டும். இக்னிஷன் வயர்களை ஒட்டி எதையும் இழுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யுமுன் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள்.