ஆயில் கூலர் வாங்குமுன் எண்ணெயின் சூட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2014-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. வாரந்தோறும் ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போய் வருகிறேன். மேலே போய்ச் சேரும்போது பானெட் மீது கை வைக்க முடியவில்லை. எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கத் தனியாக ஓர் ஆயில் கூலர் வாங்கிப் பொருத்தினால் எஞ்சினின் ஆயுள் கூடும் என்கிறார் நண்பர். பொருத்தலாமா?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பானெட்டின் சூட்டை வைத்து எண்ணெயின் சூட்டைக் கணிக்க முடியாது. டேஷ்போர்டில் உள்ள வெப்பமுள்ளோ எச்சரிக்கை விளக்கோ காட்டுவதும் ரேடியேட்டர் தண்ணீரின் நிலையைத்தான். எண்ணெயின் சூட்டை அறிய வேண்டுமானால் சம்ப்பிலோ (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி), ஆயில் ஃபில்டருக்கு மேல் பொருத்தும் தட்டிலோ ஒரு சென்சாரை வைத்து, அதற்கென ஒரு மீட்டரை உள்ளே மாட்டிப் பார்க்க வேண்டும். கூலருக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கு என்பதால், முதலில் இதைச் செய்யுங்கள்.

மீட்டர் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் எண்ணெய் தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது என்று கொள்ளலாம். ஏற்றத்தில் சிறிது நேரம் 120-ஐத் தொட்டாலும் நல்ல சிந்தெடிக் எண்ணெய் தாங்கிக்கொள்ளும். அதே முள் 130-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். 5டபிள்யூ-30 எண்ணெய் 100 டிகிரியில் எவ்வளவு பிசுக்குத்தன்மையோடு இருக்குமோ, 130 டிகிரியில் அதில் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அப்போது வலுவிழக்கிறது.

வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் நீங்கள் இரண்டாவது, மூன்றாவது கியரில் மெதுவாகத்தான் ஏறுகிறீர்கள். அந்த வேகத்தில் முன்பக்கம் மாட்டிய கூலருக்குப் போதிய காற்றே கிடைக்காது என்பதால், காசு கொடுத்து வாங்கிய பொருள் தேவைப்படும் இடத்தில் பாதி வேலைதான் செய்யும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினுக்கு இந்தப் பயணத்தில் அது தேவைப்படாது என்பதே என் கருத்து. எண்ணெய் அளவு குறைந்திருக்கிறதா, ரேடியேட்டர் விசிறி உரிய நேரத்தில் சுற்றுகிறதா என்பதைப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் எண்ணெயைச் சற்று முன்னதாகவே மாற்றுங்கள். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் இடைவிடாமல் எஞ்சினை 6,000 சுற்றுக்கு மேல் வைத்து ஓட்டுபவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: பந்தயத் தடத்தில் பழகுவதற்காகப் பழைய கார் ஒன்றைத் தயார் செய்கிறேன். ஆயில் கூலர் கிட் வாங்கிவிட்டேன். தெரிந்த மெக்கானிக்கை வைத்து நானே பொருத்த விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: முதலில் மரையைச் சரிபாருங்கள். ஃபில்டருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் அமரும் சாண்ட்விச் பிளேட் உங்கள் ஃபில்டரின் மரைக்குப் பொருந்த வேண்டும். சுசுகி, ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் அது எம்20×1.5 (20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி), டொயோட்டாவில் பெரும்பாலும் முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை. இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், ஓரிரு சுற்று ஏறவும் ஏறும். அதன்பின் வலிந்து முறுக்கினால் பிளாக்கில் உள்ள மரை பாழாகும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புது வளையம் அமர்ந்தால், எஞ்சினை உயிர்ப்பித்த சில நொடிகளில் எண்ணெய் தரையில் கொட்டிவிடும். பிளேட் வந்தபின் ஃபில்டர் ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளி நிற்கும் என்பதால், அது கீழ்நோக்கி மாட்டும் வகையாக இருந்தால் வேகத்தடையில் இடிபடுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலரை எங்கே மாட்டுவது என்பது அடுத்த சிக்கல். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டன்சர் இருக்கும். அதை முழுவதும் மறைத்து மாட்டினால் சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிர்விக்காது. பம்பரின் கீழ்த்திறப்பில் இடம் இருந்தால் அதுவே நல்லது. காற்று எப்போதும் எளிதான வழியில் போகும் என்பதால், கூலரின் ஓரங்களில் உள்ள இடைவெளியைத் தகடு வைத்து அடைத்தால்தான் அது துடுப்புகள் எனப்படும் மெல்லிய தகடுகளுக்கு இடையே புகும். எண்ணெய் நுழையும் வாய்களும் வெளியேறும் வாய்களும் மேல்நோக்கி இருக்கட்டும். கீழ்நோக்கி மாட்டினால் உள்ளே காற்று அடைபடும். தாங்கிகளுக்கு ரப்பர் புஷ் கட்டாயம் வேண்டும்.

ஹோஸைப் பொறுத்தவரை, எஃகு வலை சுற்றிய டேஷ் 10 அளவு, அதாவது ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டது போதும். வெட்டும் இடத்தில் டேப்பை இறுகச் சுற்றி வெட்டினால் கம்பிகள் பிரியாது. வெட்டியபின் உள்ளே ரப்பர்த் துகளும் கம்பித்தூளும் நிச்சயம் இருக்கும். அவற்றைக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்டக் கூடாது, ஏனெனில் அடுத்து அவை போய்ச் சேரும் இடம் பேரிங். கூலரின் வாயை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்றொரு ஸ்பானரால் ஹோஸ் நட்டை இறுக்குங்கள். ஒற்றை ஸ்பானரால் முறுக்கினால் மெல்லிய அலுமினியம் திருகி, பற்றவைப்பில் விரிசல் விடும். கூம்பு வடிவ முனைகளில் கசிவைத் தடுப்பது மரை அன்று, கூம்பின் வழவழப்பான முகமே. எனவே குழாய் வேலைக்குச் சுற்றுவது போல அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதற்கு மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள். அதன் கிழிசல்கள் எண்ணெய் வழிகளை அடைத்துக்கொள்ளும்.

எஃகு வலை ஓர் அரம் போன்றது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் வண்டியில் ஒரு ஹோஸை ஏசியின் அலுமினியக் குழாய்க்குப் பக்கத்தில் கிளிப் போடாமல் விட்டிருந்தேன். சில மாதங்களில் ஏசி குளிர்விப்பதை நிறுத்தியது. பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது குழாயில் இழைத்தது போல ஒரு பள்ளமும், அதன் நடுவில் குண்டூசி முனை அளவு ஓட்டையும் இருந்தன. உரசக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் உறையும் கிளிப்பும் போடுங்கள்.

கடைசியாக, எண்ணெய் நிரப்புதல். கூலரை மாட்டும்போதே அதில் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடிகளாக, இடையே ஓய்வு கொடுத்துச் சுற்றுங்கள். பிறகு எஞ்சினை உயிர்ப்பித்து, உடனே கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். இந்த நிலையில் டிப்ஸ்டிக் காட்டும் அளவை நம்ப வேண்டாம். எண்ணெய் குளிர்ந்திருக்கும்வரை பிளேட்டில் உள்ள தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறக்கும் வால்வு) பெரும்பகுதி மூடியே இருக்கும். சூடேறி அது திறந்து, ஹோஸ்களில் எஞ்சிய காற்று வெளியேறிய பிறகுதான் அளவு இறங்கும். வண்டியை நன்றாக ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து ஊற்றுங்கள். கூலரின் அளவையும் ஹோஸின் நீளத்தையும் பொறுத்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடுதலாகப் பிடிக்கும்.

கேள்வி: தெர்மோஸ்டாட் இல்லாத பிளேட் மலிவாகக் கிடைக்கிறது. அதையே போடலாமா?
(ஒரு வாசகர், உதகமண்டலம்)

பதில்: உங்கள் ஊரில் கூடவே கூடாது. தெர்மோஸ்டாட் உள்ள பிளேட், எண்ணெய் ஏறத்தாழ 80 டிகிரியை எட்டிய பிறகே அதைக் கூலருக்கு முழுமையாக அனுப்பும். அது இல்லையென்றால் டிசம்பர் காலையில் கடைவீதிக்குப் போய் வரும் தூரத்தில் எண்ணெய் சூடாகவே ஆகாது. எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயிலேயே தங்கி, நிரப்பும் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிவதைக் காண்பீர்கள். மலிவு பிளேட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குளிர்காலத்தில் கூலரின் முகப்பை அட்டையால் மறைத்து ஒப்பேற்றுவதுண்டு. அது தற்காலிக ஏற்பாடுதான்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஆயில் கூலருடன் ஓட்டுகிறேன். எண்ணெய் மாற்றும்போது அதையும் கழற்ற வேண்டுமா? மேலும், என் நண்பரின் எஞ்சினில் பேரிங் போய்விட்டது. அவருடைய கூலரைக் கழுவி, புது எஞ்சினில் போடலாமா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியதில்லை. சம்ப்பைத் திறந்தாலும் கூலரிலும் ஹோஸிலும் பழைய எண்ணெய் தங்கும் என்பதால், மாற்றும் இடைவெளியைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும். புது எண்ணெயை ஊற்றும்போது மொத்தக் கொள்ளளவையும் ஒரே தடவையில் ஊற்றிவிடாதீர்கள். தங்கிய எண்ணெயும் சேர்ந்து அளவு மிஞ்சிவிடும். துடுப்புகளில் அடையும் பூச்சிகளையும் சேற்றையும் பின்பக்கமிருந்து மெல்லிய நீரால் கழுவுங்கள். சர்வீஸ் நிலையத்தின் அழுத்த நீர் துடுப்புகளை மடக்கிவிடும். இணைப்புகளைச் சுற்றித் தூசி ஈரமாகத் திரண்டிருந்தால் அங்கே கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். பிளேட்டின் நடு போல்ட்டை, ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் இறுக்கம் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றும் திருப்பத்தில் அதுவும் சேர்ந்து தளர்வதுண்டு.

நண்பரின் கூலரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். தட்டுகளை அடுக்கிச் செய்த கூலரின் உள்ளே எண்ணெயைக் கலக்கிவிடுவதற்கென மடிப்புத் தகடுகள் உள்ளன. அவற்றில் சிக்கிய பேரிங் துகள்கள் எத்தனை முறை கழுவினாலும் முழுமையாக வெளியே வராது. ஃபில்டருக்குப் பிறகு கூலர் வரும் அமைப்பாக இருந்தால், சூடான எண்ணெய் பாயத் தொடங்கியதும் அவை நேராகப் புது பேரிங்குக்கே போய்ச் சேரும். ஹோஸ்களையும் அதனுடன் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.