அஞ்சல்வழி வணிகம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நானும் என் மாமியாரும் வீட்டிலேயே மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை செய்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். ஆர்டர் கூடுகிறதே தவிர, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பலகாரம் நொறுங்கி வந்ததாகவும் புகார் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் பலகாரத்துக்கு விலை போட்டிருக்கிறீர்கள், அதை அனுப்பி வைக்கும் செலவுக்குப் போடவில்லை என்றே தோன்றுகிறது. அரைக் கிலோ தேன்குழலைப் பையிலும் அட்டைப்பெட்டியிலும் கட்டி முடித்துத் தராசில் வைத்தால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். கூரியர் கட்டணமும் அடுத்த படிக்கு ஏறிவிடும். இதைவிடப் பெரிய செலவு பெட்டியின் பருமனில் இருக்கிறது. தனியார் கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 30, 25, 20 சென்டிமீட்டர் கொண்ட பெட்டிக்குள் ஒன்றரைக் கிலோ பலகாரமே இருந்தாலும், அது 3 கிலோவாகவே கணக்கிடப்படும். ஆகவே இரண்டே அளவுகளில் பெட்டி வாங்கி, அவற்றை நிறைக்கும் எடைகளில் மட்டும் விற்று, பெட்டி, டேப், கூரியர் ஆகிய மூன்றையும் விலையில் சேர்த்துவிடுங்கள்.

நொறுங்குவதற்குக் காரணம் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம். கசக்கிய காகிதத்தால் இடைவெளிகளை அடைத்து மூடிய பின், காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் அடைக்க வேண்டும். பலகாரம் முற்றிலும் ஆறுவதற்கு முன் பையை ஒட்டினால் ஆவி உள்ளேயே நீராகி, மொறுமொறுப்புப் போய்விடும். வெள்ளி, சனிக்கிழமைகளில் அனுப்பும் பார்சல் ஞாயிறு முழுவதும் எங்காவது கிடக்க நேரிடும் என்பதால், திங்கள் முதல் புதன் வரை அனுப்புவது நல்லது.

பொருள் கைக்கு வந்த பின் பணம் தரும் முறை உங்களுக்கு ஏற்றதல்ல. வாங்குபவர் மறுத்துவிட்டால் போக்குவரத்துச் செலவு இரு வழிக்கும் உங்கள் தலையில் விழும். திரும்பி வந்த பலகாரத்தை மறுபடி விற்கவும் முடியாது. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் வாடிக்கையாளர் அல்லர்.

உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். அதன் 14 இலக்க எண்ணோடு, முகவரி, நிகர எடை, தயாரித்த நாள், அதிகபட்ச விலை, சேர்க்கைப் பொருட்கள், சைவம் என்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி ஆகியவையும் லேபிளில் இருக்க வேண்டும். பெங்களூர், மும்பை போன்ற வெளிமாநில ஊர்களுக்கு அனுப்புவதாக இருந்தால், விற்பனை சிறிதாயினும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும் என்பதால், ஒரு கணக்காளரை இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்கிறேன். ‘படத்தில் பார்த்த நிறம் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: குழல்விளக்கின் கீழ் எடுத்த படங்களே இதற்குப் பெரும்பாலும் காரணம். காலை வேளையில், வளவில் (வீட்டு முற்றத்தில்) நேர் வெயில் படாத தாழ்வாரப் பக்கமாகச் சேலையை விரித்து, உடல், கரை, முந்தானை மூன்றையும் தனித்தனியே எடுங்கள். நிறத்தை மெருகேற்றும் செயலிகளை அடியோடு விட்டுவிடுங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று நிறத்தின் பெயரையும், சேலையின் நீளத்தையும், முதல் சலவையில் சாயம் போகுமா என்பதையும் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். புகார் வந்தால், 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்வதுபோல் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்புங்கள். பிழையான சேலை போயிருந்தால் மட்டும் வாதம் செய்யாமல் உங்கள் செலவிலேயே மாற்றிக் கொடுங்கள்.